தனலெட்சுமியின் கொல்லையில் யூரியா என்ன செய்தது

போன வாரம் கலைச்செல்வி போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு, மண் ஆய்வுக்கூடத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். "சார், புது மெஷின் வந்திருக்கு. மண்ணைப் போட்டா ரெண்டு நிமிஷத்துல தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூணும் ஸ்கிரீன்ல வந்துருது" என்று சந்தோஷமாகச் சொன்னார். பிறகு, "ஸ்டோர் ரூமை ஒதுங்க வச்சப்ப பத்துப் பன்னண்டு ஊறுகாய் ஜாடி கெடந்துச்சு. மூடியில எல்லாம் ஒங்க கையெழுத்து. 'கொல்லை', 'வரப்பு'ன்னு எழுதியிருக்கு. என்ன சார் அது?" என்றார்.

போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

என் ஊர் கீரனூர். எங்கள் தெருவில் வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் திருச்சி பஸ்ஸில் ஏறுவார்கள். நான் எதிர்ப்பக்கம் நின்று புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறுவேன். ஆய்வுக்கூடத்தில் முதலில் மண் இடிக்கிற ஆளாகத்தான் சேர்ந்தேன். விவசாயிகள் கொண்டுவரும் மண்ணை நிழலில் காயப்போட்டு, மரச்சுத்தியலால் தட்டி, சல்லடையில் சலித்து, நம்பர் போட்டு டப்பாவில் அடைப்பேன். சில வருஷத்தில் தராசு, அப்புறம் காய்ச்சி வடிக்கும் கண்ணாடிக் குழாய்கள் என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தன. மண்ணோடு மருந்தைக் கலந்து கொதிக்க வைத்தால் ஆவி வரும். அது குடுவையில் இருக்கும் இளஞ்சிவப்புத் திரவத்தைப் பச்சையாக்கும். அதைத் திரும்பச் சிவக்க வைக்க எத்தனை சொட்டு அமிலம் பிடிக்கிறதோ, அதுதான் தழைச்சத்துக் கணக்கு. எங்கள் மாவட்டத்துச் செம்மண்ணில் அந்தக் கணக்கு எப்போதும் 'குறைவு' என்றே வரும். குறைவு என்றால் வழக்கமான அளவை விடக் கால் பங்கு யூரியா கூட்டிப் போடவேண்டும் என்று அச்சடித்த அட்டவணை சொல்லும். நான் அதைப் பார்த்து விவசாயிக்குக் கொடுக்கும் மண் அட்டையில் எழுதுவேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பெருமையிலேயே பல வருஷம் ஓடியது.

அப்போதுதான் வாசுகி மேடம் அதிகாரியாக வந்தார். என்னை விடப் பத்து வயது இளையவர். மெலிந்த ஆள், ஆனால் நடை வேகமாக இருக்கும். முதல் நாளே காயப்போட்டிருந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இதுல ஒண்ணும் வாசனை இல்லையே மாணிக்கம் சார்."

"காஞ்ச மண்ணு மேடம்."

"காயவச்சதுல உள்ள இருந்தது எல்லாம் பாதி செத்துப் போயிருக்கும். அதுக்கப்புறம்தான் நாம சோதிக்கிறோம், இல்லையா?"

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. முறைப்படி செய்வதைக் குறை சொல்கிறாரே என்று. போகப் போகத்தான் தெரிந்தது, அவர் குறை சொல்லவில்லை, கேள்விதான் கேட்கிறார். எதைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்பார். நம்மிடம் மட்டும் இல்லை, தனக்குத் தானே கேட்டுக்கொள்வார். அவரிடம் எனக்கு அதிகம் ஆச்சரியமாக இருந்தது, 'தெரியாது' என்ற சொல்லை அவர் கூச்சமில்லாமல் சொல்வதுதான். விவசாயி முன்னால், மேலதிகாரி முன்னால், எங்கேயும் சொல்வார். சொல்லிவிட்டுக் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதிக்கொள்வார். அந்தக் குறிப்பேட்டில் பதில்களை விடக் கேள்விகள்தான் அதிகம்.

அவர் வந்த இரண்டாம் வருஷம் ஆவணியில், ஆலங்குடிக்குத் தெற்கே ஒரு ஊரிலிருந்து தனலெட்சுமி என்பவர் வந்தார். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கணவர் சவுதியில் லாரி ஓட்டுகிறார். மாமனாரும் இவருமாகக் கொல்லையை, அதாவது கடலை போடும் செம்மண் வயலை, பார்க்கிறார்கள். கையில் ஈரச் சாக்கு. அதை என் மேஜை மேல் வைத்துப் பிரித்தார். உள்ளே வேரோடு பிடுங்கிய கடலைச் செடிகள். இலை மஞ்சளாக வெளுத்திருந்தது. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து மூன்று மண் அட்டைகளை எடுத்து வரிசையாக வைத்தார். எட்டு வருஷத்தில் மூன்று தடவை மண் கொடுத்திருக்கிறார்.

"இதுல எழுதுனபடிதான் போட்டேன் சார். ஒரு வருசம் கூட மாத்தல. எலை வெளுத்தா இன்னும் கொஞ்சம் யூரியா போடச் சொன்னாக, அதையும் போட்டேன். போட்டா பத்து நாளைக்குப் பச்சையா நிக்கிது. திரும்ப வெளுத்துப் போகுது. காய் வருசா வருசம் கொறையுது. வெதையில கலக்குற நுண்ணுயிர்ப் பாக்கெட்டும் கஞ்சியில கொழச்சுப் போட்டுத்தான் வெதச்சேன். நான் என்ன தப்புப் பண்ணுனேன், சொல்லுங்க."

மூன்று அட்டையிலும் இருந்தது என் கையெழுத்து. முத்து முத்தாக.

வாசுகி மேடம் செடியைத்தான் எடுத்தார். வேரைத் தண்ணீரில் அலசி, வெள்ளைத் தட்டில் பரப்பினார். கடலை வேரில் கடுகு மாதிரி சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கவேண்டும். அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியா காற்றில் இருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். பதிலுக்குச் செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும். தனலெட்சுமி கொண்டுவந்த பதினோரு செடியின் வேரும் நூல் மாதிரி வழவழவென்று இருந்தது. ஒன்றிரண்டு முடிச்சுதான். பிளேடால் நறுக்கினால் உள்ளே வெள்ளை. வேலை செய்கிற முடிச்சு என்றால் உள்ளே சிவப்பாக இருக்கும்.

"முடிச்சே இல்லை" என்றார் மேடம்.

"ஏங்க இல்லை?"

"தெரியலம்மா. பாக்கணும்."

தனலெட்சுமி அந்தப் பதிலைக் கேட்டுக் கலங்கிப்போனார். "சீக்கிரம் பாருங்க மேடம். ஐப்பசி மழைக்குத் தைலமரக் கன்னு வச்சிருவோம்னு எங்க மாமா சொல்லிட்டாரு. வச்சுட்டா அது தைலமரக் காடுதான், அப்புறம் கொல்லையில்ல. எங்க வீட்டுக்காரரு அடுத்த வருசம் வந்துர்றேன்னு சொல்றாரு. வந்தா அவரு எதைப் பாத்து வாரது?"

மறுநாள் நானும் மேடமும் பஸ்ஸில் ஆலங்குடி போய், அங்கிருந்து ஆட்டோவில் அந்தக் கொல்லைக்குப் போனோம். மாமனார் வெள்ளைச்சாமி வேலியோரம் நின்றார். வாங்க என்று ஒரு வார்த்தை சொன்னதோடு சரி. கொல்லை முழுக்க மஞ்சள். நாங்கள் மண் எடுத்துக்கொண்டிருந்தபோது தனலெட்சுமிதான் கேட்டார்: "அங்கிட்டு வரப்புல தானா மொளச்ச செடி ஒண்ணு பச்சையா நிக்கிதே சார், அது மட்டும் எப்புடி?"

போன வருஷம் சிதறிய விதை. யாரும் உரம் போடவில்லை, தண்ணீரும் பாய்ச்சவில்லை. சுற்றி வெட்டி மண்ணோடு தூக்கினேன். உதறினால், வேர் முழுக்க முடிச்சு. நகத்தால் ஒன்றைக் கிள்ளினேன். உள்ளே சிவப்பு. இருபது அடி தூரத்தில் அதே மண், அதே விதை. நடுவில் என் அட்டை ஒன்றுதான் வித்தியாசம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மேடம், "யூரியா நுண்ணுயிரைக் கொல்லுதுன்னு முடிவு பண்ணிட்டீங்கதானே?" என்று கேட்டார்.

"ஆமா மேடம்."

"எப்படித் தெரியும்?"

அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஊறுகாய் ஜாடிகள் வந்தன. எங்கள் கூடத்தில் உயிரைச் சோதிக்கிற கருவி எதுவும் கிடையாது. மேடம் படித்த காலத்தில் செய்த ஒரு பழைய முறையைச் சொன்னார். காய வைக்காத ஈரமண்ணை ஜாடியில் எடைபோட்டுப் போடவேண்டும். மண்ணின் மேலே சின்னப் புட்டியில் காரக் கரைசலை நூலில் தொங்கவிட வேண்டும். மூடியைச் சுற்றி மெழுகு வைத்துக் காற்றுப் போகாமல் அடைக்கவேண்டும். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் நம்மைப் போலவே மூச்சு விடும். அந்தக் கரியமில வாயுவைக் காரம் குடித்துவிடும். நாலு நாள் கழித்துப் புட்டியை எடுத்து, மிச்சமிருக்கும் காரம் எவ்வளவு என்று அமிலம் சொட்டிப் பார்த்தால், மண் எவ்வளவு மூச்சு விட்டது என்று தெரியும். மண்ணே இல்லாத ஒரு ஜாடியையும் ஒப்பிடுவதற்கு வைக்கவேண்டும். நான் கொல்லை மண் ஒரு ஜாடி, வரப்பு மண் ஒரு ஜாடி, கொல்லை மண்ணில் புதிதாக யூரியா கலந்து ஒரு ஜாடி என்று ஒவ்வொன்றிலும் மும்மூன்று வைத்தேன்.

நாலாம் நாள் சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டுப் பார்த்தேன். வரப்பு மண் நன்றாக மூச்சு விட்டிருந்தது. கொல்லை மண் குறைவு. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் யூரியா கலந்த கொல்லை மண், வரப்பு மண்ணையே தாண்டி மூச்சு விட்டிருந்தது! எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அப்படியானால் யூரியா உயிரை வளர்க்கத்தானே செய்கிறது, என் அட்டையில் தப்பில்லையே என்று மேடத்திடம் ஓடினேன்.

மேடம் தாளை வாங்கி ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார். "யூரியாவுக்குள்ளயே கரி இருக்கு மாணிக்கம் சார். அது மண்ணுல உடையும்போது கரியமில வாயு தானா வரும். நீங்க அளந்தது மண்ணோட மூச்சா, யூரியாவோட மூச்சா?"

இத்தனை வருஷம் யூரியா என்று எழுதிய எனக்கு, அதற்குள் கரி இருக்கிறது என்பது தோன்றவே இல்லை.

"எப்படிக் கண்டுபிடிக்கிறது மேடம்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

கரி இல்லாத தழைச்சத்து உரம் ஒன்று உண்டு, அம்மோனியம் சல்பேட். அதே அளவு தழைச்சத்து வருகிற மாதிரி அதை எடைபோட்டு இன்னொரு மூன்று ஜாடி வைத்தோம். நாலு நாள் கழித்துப் பார்த்தால், கூடுதல் மூச்சு காணோம். சாதாரணக் கொல்லை மண் அளவுதான். யூரியா ஜாடியிலும் அடுத்த வாரம் மூச்சு இறங்கிவிட்டது. கலைச்செல்வி ஸ்டோர் ரூமில் பார்த்தது இந்த ஜாடிகளைத்தான்.

சரி, யூரியா மண்ணின் உயிரைக் கூட்டவில்லை. ஆனால் கொல்லவும் இல்லையே? பிறகு ஏன் கொல்லை மண் பலவீனமாக இருக்கிறது? அதற்கு விடை ஜாடியில் இல்லை. தனலெட்சுமியின் மூன்று அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று கிடைத்தது. ஒவ்வொரு அட்டையிலும் கார அமில நிலை என்று ஒரு கட்டம் உண்டு. முதல் அட்டையில் ஆறுக்கு மேல், இரண்டாவதில் ஆறுக்குக் கீழே, மூன்றாவதில் ஐந்துக்குப் பக்கம். எண் இறங்கினால் அமிலம், அதாவது புளிப்பு, ஏறுகிறது என்று அர்த்தம். மண் வருஷா வருஷம் புளித்துக்கொண்டே போயிருக்கிறது. மூன்று எண்களையும் எழுதியவன் நான். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சரியாகத்தான் எழுதினேன். சேர்த்துப் பார்க்கவில்லை.

மேடம் விளக்கினார். மண்ணில் ஒரு கூட்டம் நுண்ணுயிர்களுக்கு யூரியா தீனி. அவை அதை மாற்றும்போது அமிலத்தை விட்டுப்போகின்றன. எரு இல்லாத இந்தச் செம்மண்ணால் அந்தப் புளிப்பைத் தாங்க முடியாது. முடிச்சுக் கட்டுகிற கூட்டத்துக்குப் புளிப்பு ஆகாது. அதோடு, வேர்ப்பக்கத்தில் தழைச்சத்து சும்மா கிடைக்கும்போது, சர்க்கரை கொடுத்து முடிச்சை வளர்க்க வேண்டிய அவசியம் செடிக்கும் இல்லை. "ஒரு கூட்டத்துக்குச் சோறு போட்டோம். அது இன்னொரு கூட்டத்தோட வீட்டைக் கெடுத்துருச்சு. அப்படித்தான் எனக்குத் தோணுது. நிச்சயமாத் தெரியாது."

இதைத்தான் அறிக்கையிலும் எழுதினார். 'இந்த வயலுக்கு அட்டவணைப் பரிந்துரை பொருந்துமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு பருவம் வயலிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும்.' மேலதிகாரி ஒருவர் கூப்பிட்டு, தெரியவில்லை என்று அறிக்கை எழுதுவதற்கா சம்பளம் என்று சத்தம் போட்டாராம். மேடம் அந்த வரியை எடுக்கவில்லை.

வெள்ளைச்சாமியிடம் தனலெட்சுமி ஒரே ஒரு பருவம் கேட்டார். மார்கழிப் பட்டத்தில் கடலை போட்டுப் பார்ப்பது. சரிவராவிட்டால் அடுத்த மழைக்குத் தைலமரம். அப்போது தான் தடுத்து ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று தனலெட்சுமி சொன்னதும் மாமனார் ஒப்புக்கொண்டார்.

கார்த்திகையில் கொல்லையை நாலு பட்டையாகப் பிரித்தோம். முதல் பட்டையில் பழையபடி யூரியா. இரண்டாவதில் யூரியாவும் இல்லை, வேறெதுவும் இல்லை. மூன்றாவதில் சுண்ணாம்பும் மக்கிய எருவும், யூரியா கிடையாது. நாலாவதில் சுண்ணாம்பு, எருவோடு விதைக்கும்போது மட்டும் கொஞ்சம் யூரியா. நாலு பட்டைக்கும் ஒரே விதை, ஒரே நுண்ணுயிர்ப் பாக்கெட். தனலெட்சுமி பழைய சேலையைக் கிழித்துக் குச்சியில் கட்டி, நாலு நிறத்தில் அடையாளம் வைத்தார்.

விதைத்து இருபத்தைந்தாம் நாள் தனலெட்சுமி எனக்குப் போன் செய்தார்.

"சார், யூரியா போட்டது நல்லாக் கரும்பச்சையா நிக்கிது. ரெண்டாவது பட்டை வெளுத்தே போச்சு. மூணாவதும் நாலாவதும் அவ்வளவு சொல்லிக்கிற மாதிரி இல்ல. மாமா யூரியா மூட்டையை வரப்புலயே கொண்டாந்து வச்சுட்டாரு. போட்டுறவா?"

போட்டுவிடுங்கள் என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எட்டு வருஷம் அந்தப் பெண்ணுக்குச் சொன்ன பதில் அதுதான், பழகிய பதில். "ஒரு நாள் பொறுங்கம்மா, நாளைக்கு வாரோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடத்திடம் போனேன்.

"போடலாமா வேணாமா மேடம்?"

"தெரியாது. எலையப் பாத்து எப்படிச் சொல்றது? தோண்டிப் பாப்போம்."

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் கொல்லையில் இருந்தோம். வெள்ளைச்சாமி மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தார். முதல் பட்டையில் ஐந்து செடி தோண்டினேன். மேலே கரும்பச்சை, கீழே வெறும் வேர். இரண்டாவது பட்டையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முடிச்சு, உள்ளே வெளிறிய நிறம். யூரியாவை நிறுத்தியதால் மட்டும் எதுவும் சரியாகிவிடவில்லை. புளிப்பு அப்படியேதானே இருக்கிறது. மேடத்தின் முகம் வாடியது. அதைக் குறித்துக்கொண்டார்.

மூன்றாவது பட்டையில் மண்வெட்டியைப் போட்டுத் தூக்கியதும் தனலெட்சுமி என் கையிலிருந்து செடியைப் பிடுங்கிக்கொண்டார். வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தார். வேர் முழுக்க முடிச்சு. நாலாவது பட்டையிலும் அதே மாதிரி.

"மாமா, இங்கிட்டு வாங்க" என்று அவர் கத்தினார்.

வெள்ளைச்சாமி மெதுவாக எழுந்து வந்து குந்தினார். அவரே ஒரு முடிச்சைக் கிள்ளி, கட்டைவிரல் நகத்தால் பிளந்தார். விரல் நுனியில் சிவப்பு ஒட்டியது.

"என்ன சார் இது, ரெத்தம் மாதிரி இருக்கு?"

மேடம் பக்கத்தில் குந்தினார். "ரத்தத்துல சிவப்பு எதுனால வருதோ, கிட்டத்தட்ட அதே சாமான்தான் ஐயா இதுலயும் இருக்கு."

"செடிக்குள்ளயா?"

"செடியும் நுண்ணுயிரும் சேந்து உண்டாக்குறது. அது ஏன் நம்ம ரத்தத்துல இருக்கிற மாதிரியே இருக்குன்னு யோசிச்சா எனக்கு இப்பவும் ஆச்சரியமாத்தான் இருக்கு."

வெள்ளைச்சாமி இன்னொரு முடிச்சைப் பிளந்தார். இன்னொன்று. பத்துப் பன்னிரண்டு பிளந்திருப்பார். பிறகு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுப்பக்கம் நடந்தார். தனலெட்சுமி அங்கேயே மண்ணில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பங்குனியில் பிடுங்கியபோது இரண்டாம் பட்டை மோசம். முதல் பட்டையில் கொடி மதமதவென்று இருந்தது, காய் கம்மி. மூன்றாவதும் நாலாவதும் நன்றாகக் காய்த்திருந்தன. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முதலில் போட்ட கொஞ்சம் யூரியா உதவியதா, உதவாமலே போனதா என்று எங்களுக்குக் கடைசி வரை தெரியவில்லை. வெள்ளைச்சாமி அடுத்த மழைக்குத் தைலமரக் கன்று வாங்கத்தான் செய்தார். ஆனால் தண்ணீர் ஏறாத மேட்டுப் பாதியில் மட்டும் வைத்தார். தாழ்ந்த பாதி மருமகளுக்குக் கடலைக்கொல்லையாகவே இருந்தது. சவுதியிலிருந்து கணவர் ஒரு வருஷம் பிந்தித்தான் வந்தார். ஆனால் வந்தார், திரும்பப் போகவில்லை.

வாசுகி மேடத்துக்கு அதற்குள் மாற்றல் வந்துவிட்டது. அவர் போன பிறகும் எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. தனலெட்சுமி மூன்று அட்டையையும் பத்திரமாக வைத்திருந்ததால்தான் புளிப்பு ஏறியது தெரிந்தது. மற்றவர்கள்? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் அரை மணி நேரத்தில் பழைய பதிவேடுகளை எடுத்து வைத்து, ஒரே சர்வே எண் இரண்டு மூன்று தடவை வந்திருக்கிறதா என்று தேடினேன். மூன்று மாதம் ஆனது. புளிப்பு ஏறிக்கொண்டே போன நாற்பத்தொரு வயல்கள் கிடைத்தன.

நாற்பத்தொரு பேருக்கும் போஸ்ட் கார்டு எழுதினேன். 'உங்கள் வயலுக்கு நாங்கள் சொன்னதில் ஒன்று விடுபட்டிருக்கலாம். மறுபடி பார்க்க வேண்டும். மண்ணைக் காயவைக்காமல் கொண்டு வாருங்கள், அல்லது சொல்லியனுப்பினால் நானே வருகிறேன்.' என் பெயரைப் போட்டேன். ஆபீசில் ஒருவர், "தேடிப்போய்த் தப்பை ஒத்துக்கிறீங்களே, வம்பாயிரும்" என்றார். ஆகலாம் என்று எனக்கும் பயம்தான்.

மூன்று வாரம் யாரும் வரவில்லை. பிறகு மீமிசல் பக்கத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. பெரிய எழுத்தில், கோணல் மாணலாக, இரண்டே வரி.

'நீங்க சொன்னபடிதான் போட்டேன். என்ன விட்டுப்போச்சுன்னு எனக்கும் தெரியணும், நேர்ல வாங்க.'

மறுநாள் மண்வெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினேன்.